அன்றாடச் சாலையில் ஒரு பழைய கூபே: டொயோட்டா ஏஇ86-இன் வரலாறு

கொரோலா லெவின், ஸ்பிரின்டர் ட்ரூயெனோ என்னும் இரட்டைக் கூபே கார்களை டொயோட்டா 1983 மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. இரண்டுக்கும் தொழிற்சாலைக் குறியீடு ஏஇ86. ஜப்பானியர் இதை ‘ஹச்சிரோகு’, அதாவது ‘எட்டு ஆறு’ என்று அழைக்கிறார்கள். 1987 வரை நான்கே ஆண்டுதான் இது தயாரானது. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் இந்தக் காரில் வேலைக்குப் போய்வருபவர்கள், கடைகண்ணிக்குப் போகிறவர்கள், விடியற்காலை மலைப்பாதையில் ஓட்டி மகிழ்பவர்கள் ஜப்பானிலும் வேறு பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அதே காலத்தில் பிறந்த விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பல உறை போர்த்திக் கொட்டகையில் நிற்கின்றன. ஹச்சிரோகு சாலையிலேயே தங்கியதற்கான காரணத்தை அதன் பிறப்பில் தேட வேண்டும். அது ஸ்போர்ட்ஸ் காராகப் பிறந்ததல்ல; நடுத்தரக் குடும்பங்களுக்காகச் செய்த கொரோலாவின் ஒரு வகையாகப் பிறந்தது.

முதல் கொரோலா 1966 நவம்பரில் வந்தது. 1,077 சிசி என்ஜின், எளிய அமைப்பு, மாதச் சம்பளக்காரருக்கு எட்டும் விலை. ஜப்பானில் வீட்டுக்கொரு கார் என்ற நிலை உருவான ஆண்டுகள் அவை. அந்தக் காலத்து ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களை எடுத்துக்கொண்டால், டொயோட்டாவின் சொந்த 2000ஜிடி கைவினைப் பொருள்போல ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டு, சுமார் 350 கார்களோடு நின்றுவிட்டது. சாதாரண இளைஞனால் அதைக் காட்சிக்கூடத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது.

இந்த இடைவெளியை 1972 மார்ச்சில் வந்த டிஇ27 என்னும் முதல் லெவின் நிரப்பியது. கொரோலாவின் கூபே உடலுக்குள், பெரிய காரான செலிகாவுக்காகச் செய்த 2டி-ஜி என்ஜினை டொயோட்டா பொறியாளர்கள் இறக்கினார்கள். 1,588 சிசி, தலையில் இரண்டு கேம் ஷாஃப்ட், இரட்டைக் கார்புரேட்டர், 115 குதிரைத்திறன். காரின் எடையோ 855 கிலோதான். சிறிய உடலில் பெரிய இதயத்தை வைக்கும் இந்தச் சூத்திரம்தான் அடுத்த பதினைந்து ஆண்டுக்கு லெவின் வரிசையின் அடையாளமாக இருந்தது. ட்ரூயெனோ அதன் உடன்பிறப்பு. கொரோலாவும் ஸ்பிரின்டரும் டொயோட்டாவின் வெவ்வேறு விற்பனைக் கடைகள் வழியே விற்கப்பட்டதால் ஒரே காருக்கு இரண்டு முகமும் இரண்டு பெயரும் தேவைப்பட்டன.

1973-இன் எண்ணெய் நெருக்கடியும் அதைத் தொடர்ந்து இறுகிய புகைக் கட்டுப்பாடுகளும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் மூச்சைப் பிடித்தன. 1978-ஆம் ஆண்டு விதி நைட்ரஜன் ஆக்சைடு அளவைக் கிலோமீட்டருக்கு 0.25 கிராமாகக் குறைத்தது. உலகின் மிகக் கடுமையான வரம்புகளில் அதுவும் ஒன்று. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மின்னணு ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வந்த பிறகுதான் புகையும் குறைந்து திறனும் திரும்பியது. ஹச்சிரோகுவின் என்ஜின் அந்த மீட்சியில் விளைந்தது.

1983-இல் கொரோலா ஐந்தாம் தலைமுறைக்கு மாறியபோது அதன் செடான் கார்கள் முன்சக்கர இயக்கத்துக்குப் போயின. என்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை இயக்கினால் உள்ளே இடம் கூடும், எடை குறையும், செலவும் மிஞ்சும். உலகமே அந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது. கூபேக்களை மட்டும் டொயோட்டா பழைய பின்சக்கர இயக்கத்திலேயே விட்டுவைத்தது. முந்தைய தலைமுறையின் தளமும் அதன் அச்சுகளும் கையில் இருந்தன; விற்பனை எண்ணிக்கை குறைவான கூபேக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கப் பணம் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை. பின்னாளில் ஒரு தலைமுறையே கொண்டாடிய பின்சக்கர ஓட்டத்தில் தொலைநோக்கைப் போலவே சிக்கனத்துக்கும் பங்கு உண்டு.

தளம் பழையதானாலும் என்ஜின் முற்றிலும் புதியது. 4ஏ-ஜிஇ எனப்படும் அதன் கொள்ளளவு 1,587 சிசி. இரும்பு வார்ப்பு பிளாக்கின் மேல் அலுமினியத் தலை, இரண்டு கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்காகப் பதினாறு வால்வு. தலையின் வடிவமைப்பில் யமஹாவின் கை இருந்தது. நாலு வால்வு என்ஜின் பந்தயக் கார்களுக்கும் பணக்காரர்களின் கார்களுக்கும் உரியது என்றிருந்த காலத்தில் அதைக் கொரோலா விலையில் டொயோட்டா கொடுத்தது. அன்று ஜப்பானில் வழங்கிய கிராஸ் அளவீட்டில் 130 குதிரைத்திறன். காரில் பொருத்திய நிலையில் அளந்தால் 120-க்குப் பக்கம். இன்றைய கணக்கில் இது பெரிய எண் அல்ல. ஆனால் நிமிடத்துக்கு 7,000 சுற்றைத் தாண்டியும் தயங்காமல் ஏறும் அதன் குணமும், காற்று புகும் பாதையைக் குறைந்த சுழற்சியில் பாதியாக அடைத்து வேகம் கூடும்போது முழுதாகத் திறந்துவிடும் டி-விஸ் அமைப்பும், சுமார் 940 கிலோ எடைக்கு வேண்டிய உயிர்ப்பைத் தந்தன.

மற்றவை எல்லாம் எளிமையானவை. முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். பின்பக்கம் இரு சக்கரங்களையும் பிணைக்கும் திட அச்சு, அதைத் தாங்கும் நான்கு இணைப்புக் கம்பிகள், காயில் ஸ்பிரிங். ஐந்து கியர். ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. லெவினுக்கு நிலையான முகவிளக்கு; ட்ரூயெனோவுக்கு உள்ளிருந்து எழும்பி மடங்கும் விளக்கு. இரண்டு கதவுக் கூபே, பின்கதவு மேலே திறக்கும் மூன்று கதவு ஹேட்ச்பேக் என இரண்டு உடல்கள். இதே உடலில் 1.5 லிட்டர் ஒற்றைக் கேம் என்ஜினோடு ஏஇ85 என்ற மலிவு வகையும் விற்றது. வட அமெரிக்காவில் கொரோலா ஜிடி-எஸ் என்றும் ஐரோப்பாவில் கொரோலா ஜிடி என்றும் இது அறியப்பட்டது.

ஒரு பழைய காரை அன்றாடம் ஓட்டுவது பற்றிப் பேசும்போது இந்த எளிமைதான் முதன்மையானது. என்ஜின் நீளவாக்கில் கிடப்பதால் இருபுறமும் கை நுழைய இடம் இருக்கிறது. கிளட்ச், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் ஆகியவற்றை மாற்றச் சாதாரணப் பட்டறை போதும். பின்சீட்டை மடித்தால் நான்கு டயர் கிடக்கும். 1980-களிலும் 90-களிலும் ஜப்பானிய இளைஞர்கள் செய்தது இதுதான். கூடுதல் டயர்களைப் பின்னால் அடுக்கி, தாங்களே பந்தயத் திடலுக்கு ஓட்டிப் போய், அங்கே மாற்றிக்கொண்டு பகல் முழுக்கத் தேய்த்துவிட்டு, மாலையில் நல்ல டயரோடு வீடு திரும்பினார்கள். மறுநாள் அதே கார் வேலைக்குப் போனது. இழுவை வண்டியும் தனிப் பந்தயக் காரும் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இந்தக் கார் இரண்டு வாழ்க்கையையும் கொடுத்தது.

பந்தயத்தில் அதன் பெயர் முதலில் ஐரோப்பாவில் எழுந்தது. 1986-இல் ஐரோப்பிய டூரிங் கார் போட்டியின் தயாரிப்பாளர் பட்டத்தை டொயோட்டா பெற்றது. பெரிய என்ஜின் கார்களை விட்டுவிட்டுத் தன் சிறு வகுப்பில் கொரோலா சேர்த்த புள்ளிகளால் கிடைத்த பட்டம் அது. பிரிட்டனில் கிறிஸ் ஹாட்ஜெட்ஸ் 1986, 1987 இரு ஆண்டும் கொரோலா ஜிடியில் சாம்பியன் ஆனார். அயர்லாந்தின் ராலிகளில் இந்தக் கார் வேர்விட்டு இன்றுவரை நிற்கிறது. 4ஏ-ஜிஇ என்ஜின் தனியாகவும் பந்தயத்துக்குள் நுழைந்து, வட அமெரிக்காவின் ஃபார்முலா அட்லாண்டிக் கார்களுக்கு நீண்ட காலம் உழைத்தது. இதனால் என்ஜின் பற்றிய அறிவும், வலுவான பிஸ்டன், கேம் ஷாஃப்ட் போன்ற உதிரிகளும் உலகெங்கும் பெருகின. அன்றாட ஓட்டத்துக்குப் பழைய கார் வாங்கியவர்களுக்கு இது தேடாமல் கிடைத்த சொத்து.

ஜப்பானில் அதன் புகழ் பந்தயத் திடலைவிட மலைப்பாதைகளில் வளர்ந்தது. ஹகோனே, உசுய், ரொக்கோ போன்ற மலைகளின் வளைவுச் சாலைகளில் இரவு நேரத்தில் இளைஞர்கள் கூடி ஓட்டும் பழக்கம் 1970-களிலேயே பரவியிருந்தது. அது சட்டத்துக்குப் புறம்பானது, ஆபத்தானது. விபத்துகளின் விளைவாகப் பல பாதைகளில் வேகத்தடைகள் போடப்பட்டன, இரவுப் போக்குவரத்தும் தடுக்கப்பட்டது. நாகானோ மாகாணத்தில் பிறந்த கெயிச்சி சுச்சியா இந்த மலைகளில் பயின்றவர். ஃபூஜி திடலின் புதுமுகப் பந்தயங்களில் ட்ரூயெனோவை ஓட்டி வென்று தொழில்முறை ஓட்டுநராக உயர்ந்தார். பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பி, காரைப் பக்கவாட்டில் சரியவிட்டபடியே வளைவைக் கடக்கும் ட்ரிஃப்ட் முறையைத் திடலில் முதலில் காட்டியவர் குனிமிட்சு தகஹாஷி. அதைப் பார்த்துக் கற்று, ஒரு கலையாக வளர்த்து, 1987-இல் வெளியான ‘ப்ளஸ்பி’ வீடியோ வழியே நாடறியச் செய்தவர் சுச்சியா. குறைந்த எடையும், திட அச்சும், சொன்னதைக் கேட்கும் என்ஜினும் இந்தப் பயிற்சிக்குப் பொருத்தமாக இருந்தன. திறன் அதிகம் இல்லாததால், வளைவுக்குள் நுழையும்போதே வேகத்தைக் காப்பாற்றும் பாடத்தை ஓட்டுபவர் கற்றே ஆக வேண்டியிருந்தது. ட்ரிஃப்ட் முறையான போட்டியாகி டி1 தொடர் தொடங்கிய பிறகு, 2002-இன் பட்டத்தை கத்சுஹிரோ உவெவோ இதே காரில் வென்றார். எதிரில் நின்றவை டர்போ பொருத்திய, இரண்டு மடங்குக்கும் மேல் திறன் கொண்ட கார்கள்.

1987-இல் ஏஇ86 நின்று, அடுத்த லெவின் முன்சக்கர இயக்கத்தோடு வந்தது. 1988-இல் நிஸ்ஸான் சில்வியா, 1989-இல் மஸ்டா ரோட்ஸ்டர் எனப் பின்சக்கர இயக்கப் புதியவர்கள் சந்தையில் இறங்கினார்கள். 90-களின் தொடக்கத்தில் ஹச்சிரோகு மாணவர்களும் பகுதிநேர வேலைக்காரர்களும் வாங்கும் மலிவுப் பழைய காராகிவிட்டது. ஓட்டிக் கற்று, மோதி நசுக்கி, பாகங்களைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, உடலைக் குப்பைக்கு அனுப்பினார்கள். இன்று மிச்சமிருக்கும் எண்ணிக்கை குறைந்ததற்கு அந்தப் பத்தாண்டே பெரும் காரணம்.

அந்த நேரத்தில்தான் ஷுயிச்சி ஷிகெனோவின் ‘இனிஷியல் டி’ சித்திரத்தொடர் வந்தது. கோதன்ஷாவின் யங் மேகசின் வார இதழில் 1995 முதல் 2013 வரை ஓடி 48 தொகுதிகளாக நிறைந்தது. குன்மா மாகாணத்தின் ஹருனா மலையைக் கதையில் அகினா என்று மாற்றி, டோஃபு கடைக்காரரின் மகன் தகுமி விடியுமுன் மலைமேல் உள்ள விடுதிகளுக்கு டோஃபு கொண்டுபோய்க் கொடுப்பதைக் கதை அடித்தளமாக வைத்தது. கப்பில் ஊற்றிய தண்ணீர் சிந்தாமல் ஓட்ட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. டோஃபு உடையக் கூடாதே. வண்டி, கறுப்பும் வெள்ளையுமான 3 கதவு ட்ரூயெனோ. புகழ்பெற்ற கார்க் கதைகளில் பெரும்பாலானவை செல்வத்தையும் பந்தயத்தையும் சுற்றி எழுந்தவை. இது ஒரு கடையின் தினசரி விநியோகத்திலிருந்து எழுந்தது. ஷிகெனோ காரை மிகச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லத் தோன்றுவதும் அதனால்தான். 1998-இல் அனிமே, 2005-இல் ஜே சோ நடித்த ஹாங்காங் திரைப்படம், வீடியோ விளையாட்டுகள் என அது ஆசியா முழுதும் பரவியது. கதைக் கடைக்கு மாதிரியாக இருந்த உண்மையான டோஃபு கடையின் முகப்பு இன்று குன்மாவில் இகஹோ பொம்மை-கார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காரின் விலை ஏறத் தொடங்கியதும் இங்கிருந்துதான். மாணவர்களின் காராக இருந்தது, நல்ல நிலையில் இருந்தால் புதிதாக விற்றபோதைய விலையையும் தாண்டியது.

பழைய காரை அன்றாடம் ஓட்டுவதற்கு ஜப்பானியச் சட்டம் எளிதில் வழிவிடவில்லை. 1951-இன் சாலைப் போக்குவரத்து வாகனச் சட்டத்தின் கீழ் ‘ஷகென்’ என்னும் கட்டாயச் சோதனை உண்டு. தமிழ்நாட்டில் லாரிக்கும் டாக்சிக்கும் எஃப்.சி. எடுப்பது போன்ற இச்சோதனை அங்கே சொந்தக் கார்களுக்கும் பொருந்தும். புதிய காருக்கு முதலில் 3 ஆண்டு, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. பத்து வயதைத் தாண்டிய காரை ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்ற விதி 1995 வரை இருந்தது. ஒவ்வொரு சோதனையோடும் எடை வரி, கட்டாயக் காப்பீடு, பழுதுச் செலவு எல்லாம் சேர்ந்து வருவதால், பத்தாண்டுக்குள் காரை மாற்றிவிடுவதே வழக்கமாக இருந்தது. அப்படிக் கைவிடப்பட்ட கார்கள் கப்பலேறி நியூசிலாந்து, ரஷ்யாவின் கிழக்குப் பகுதி, ஆப்பிரிக்கா எனச் சென்றன. இலங்கைச் சாலைகள் நெடுங்காலமாகக் கண்ட ஜப்பானிய ரீகண்டிஷன் கார்களும் இந்த ஓட்டத்தில் வந்தவையே.

1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அந்த ஆண்டுச் சோதனையை நீக்கிப் பழைய கார்களுக்கும் 2 ஆண்டு அவகாசம் தந்தது. சில மாற்று உதிரிகளைச் சிக்கலின்றிப் பொருத்திக்கொள்ளவும் அனுமதித்தது. ‘இனிஷியல் டி’ தொடங்கிய ஆண்டும் இதே என்பது தற்செயல். ஆனாலும் இரண்டும் சேர்ந்து ஹச்சிரோகுவுக்கு ஆயுள் கொடுத்தன. பின்பு வரி வேறொரு பக்கமிருந்து நெருக்கியது. 13 வயதைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு ஆண்டு வரியில் சுமார் 15 சதவீதம் கூடுதல். ஹச்சிரோகு இருக்கும் 1.5 முதல் 2 லிட்டர் வரையான பிரிவில் 39,500 யென் என்பது 45,400 யென் ஆகிறது. எடை வரியும் 13-ஆம் ஆண்டிலும் 18-ஆம் ஆண்டிலும் ஏறுகிறது. 2009-இல் பொருளாதாரச் சரிவைச் சமாளிக்க, 13 வயது தாண்டிய காரை உடைத்துவிட்டுப் புதியது வாங்குவோருக்கு அரசு 2,50,000 யென் வரை கொடுத்தது. பராமரித்து வைத்திருந்த எத்தனையோ நல்ல கார்கள் அந்தப் பணத்துக்காக நொறுக்கு ஆலைக்குப் போயின. ஒரு காரைப் புதிதாக உருக்கிச் செய்வதில் செலவாகும் ஆற்றலைக் கணக்கில் எடுக்காத கொள்கை அது. பழைய காரைப் பேணுபவரைத் தண்டிப்பது நியாயமாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் விதி வேறு மாதிரி. 1988-இல் இயற்றிய சட்டம், அங்கே விற்கப்படாத வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதியை இறுக்கியது. ஆனால் 25 வயது நிறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. 2008 முதல் ஜப்பானிய வலப்பக்க ஸ்டியரிங் ஹச்சிரோகுகள் அந்தக் கதவு வழியே போகத் தொடங்கின. ஜப்பானில் மிஞ்சியவற்றின் விலையை இது மேலும் உயர்த்தியது.

இந்தக் காரை இன்று தினமும் ஓட்டுபவருக்கு முதல் பகை துரு. கதவுக்குக் கீழுள்ள சில் பகுதி, பின்சக்கர வளைவுகள், தரைத் தகடு, பின்கதவின் விளிம்பு ஆகியவை முதலில் அரிக்கும். குளிர் நாடுகளில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு இதை விரைவாக்கும். என்ஜினைப் பிரித்து மாட்டுவதைவிட டிங்கரிங் வேலைக்குத்தான் செலவு அதிகம். வெறும் பட்டி பூசி பெயின்ட் அடித்து மூடிய காரை வாங்கியவர் ஓரிரு மழைக்காலத்தில் உண்மையைத் தெரிந்துகொள்வார். அடுத்தது ரப்பர். கதவு பீடிங், சஸ்பென்ஷன் புஷ், கூலன்ட் ஹோஸ், ஆயில் சீல் எல்லாமே காலத்தால் இறுகி வெடிக்கும். ஓடாமல் நிற்கும் காரில் இவை இன்னும் சீக்கிரம் கெடும் என்பதால், ஒழுங்காக ஓடும் கார் பல வேளை நல்ல நிலையில் இருக்கிறது. ஏசியும் ஒரு சிக்கல். அந்தக் காலத்து ஆர்12 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகளில் 1995 இறுதியோடு அதன் உற்பத்தி நின்றது. சீல்களையும் ஆயிலையும் மாற்றி ஆர்134ஏ-வுக்கு மாற்றியவர்களால்தான் ஜப்பானின் புழுக்கமான ஆகஸ்டில் நிம்மதியாக வேலைக்குப் போக முடிகிறது.

என்ஜின் விஷயத்தில் உரிமையாளர்கள் இரு பிரிவாக நிற்கிறார்கள். அசல் பதினாறு வால்வு என்ஜினைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டு வைத்துக்கொள்வோர் ஒரு பக்கம். 1991 முதல் முன்சக்கர லெவின்களில் வந்த இருபது வால்வு 4ஏ-ஜிஇ-யை எடுத்து மாட்டுவோர் மறுபக்கம். கொள்ளளவு அதேதான், ஆனால் திறன் 160 குதிரைத்திறன் அல்லது அதற்கும் மேல். அன்றாடம் ஓட்டுபவருக்கு இரண்டாம் வழியில் நியாயம் இருக்கிறது: உடல் அசலாக இருக்கும், இதயம் பத்தாண்டு இளமையாக இருக்கும்.

டொயோட்டாவும் நெடுநாள் கழித்துத் திரும்பிப் பார்த்தது. 2012-இல் சுபாருவோடு சேர்ந்து செய்த பின்சக்கரக் கூபேக்கு ‘86’ என்றே பெயர் சூட்டியது. பழைய காருக்கு உண்மையான உதவி 2021-இல்தான் அறிவிக்கப்பட்டது: ஜிஆர் ஹெரிடேஜ் பார்ட்ஸ் திட்டத்தில் ஏஇ86-க்கான பின் பிரேக் காலிப்பரும் ஸ்டியரிங் நக்கிள் ஆர்மும் மீண்டும் தயாரிக்கப்பட்டன. பிரேக்கும் ஸ்டியரிங்கும் முதலில் வந்தது சரியான தேர்வு. ஓடும் காருக்குத்தான் அவை வேண்டும், காட்சிக்கு நிற்கும் காருக்கு அல்ல. 2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலூனில் இரண்டு ஹச்சிரோகுகளை நிறுவனம் நிறுத்தியது. ட்ரூயெனோவில் அதே 4ஏ-ஜிஇ என்ஜின் ஹைட்ரஜனில் எரிந்தது. தொட்டிகள் மிராய் காரிலிருந்து வந்தவை. லெவினில் மின்மோட்டார், ஆனால் கிளட்சும் கைக் கியரும் அப்படியே. சாலையில் ஏற்கெனவே ஓடும் கார்களைக் கைவிடாமல் புகையைக் குறைக்க முடியுமா என்று பார்க்கச் செய்தவை இவை. இரண்டும் விற்பனைக்கு வரவில்லை.

சில உதிரிகள் மீண்டும் வந்தாலும், உள்ளலங்காரப் பிளாஸ்டிக், கண்ணாடி பீடிங், டாஷ்போர்டு, முகவிளக்கைத் தூக்கும் மோட்டார் போன்றவற்றுக்குப் பல வேளை கழற்றிய கார்களையே நாட வேண்டியிருக்கிறது. உடல் அரித்து ஓட்ட முடியாமல் போன ஒரு ஏஇ86-ஐ, பெரும்பாலும் மலிவான ஏஇ85-ஐ, பாகங்களுக்காக வாங்கிக் கொல்லையில் நிறுத்துவது ஜப்பானிலும் அயர்லாந்திலும் வழக்கம். ஏஇ85-இன் கதவும் கண்ணாடியும் பெரும்பாலான தகடுகளும் இதற்கு அப்படியே பொருந்தும்.